ஊர்மொழியில் எழுதிய குற்றம்: ஐரோப்பாவில் சுதந்திர சிந்தனை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கத்திய நாடுகளில் சுதந்திர சிந்தனை எப்படி வளர்ந்தது என்று பேச்சு வந்தால் சாக்ரடீஸ், கலிலியோ, டார்வின் என்று மூன்று பெயரைச் சொல்லிக் கதையை முடித்துவிடுகிறோம். இடையில் அச்சுக்காரர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், புத்தகக் கடையில் வேலை பார்த்தவர்கள், மாவு ஆலைக்காரர் ஒருவர் என்று பலர் இருக்கிறார்கள். சிறைக்கும் சிதைக்கும் அதிகம் போனவர்கள் அவர்கள்தான். வழக்கமாக வரும் கேள்விகளுக்கு அவர்களையும் சேர்த்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

சுதந்திர சிந்தனை என்றால் நாத்திகம்தானே?

இல்லை. ஒன்று உண்மையா என்று முடிவு செய்ய, சொன்னவர் யார், எந்த நூலில் இருக்கிறது என்பது மட்டும் போதாது, காரணமும் சான்றும் வேண்டும் என்று நிற்பதுதான் சுதந்திர சிந்தனை. அந்த வழியில் போன சிலர் கடவுள் இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். சிலர் கடவுள் உண்டு, நடுவில் குருமார் வேண்டாம் என்றார்கள். 18ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் தாமஸ் பெயின் தன் 'பகுத்தறிவின் காலம்' நூலின் தொடக்கத்திலேயே ஒரே கடவுளை நம்புவதாக எழுதுகிறார். அவரையும் நாத்திகர் என்றுதான் ஏசினார்கள். ஆகவே இந்த வரலாற்றைப் படிக்கும்போது ஒருவர் எந்த முடிவுக்கு வந்தார் என்பதோடு, எப்படி வந்தார் என்பதையும் பார்க்க வேண்டும்.

இந்தப் பெயர் எப்போது வந்தது?

17ஆம் நூற்றாண்டின் கடைசியில், இங்கிலாந்திலும் அயர்லாந்திலும். 1696-இல் ஜான் டோலண்ட் என்ற அயர்லாந்துக்காரர், கிறிஸ்தவத்தில் அறிவுக்கு எட்டாத மர்மம் எதுவும் இல்லை என்று ஒரு நூல் எழுதினார். மறு வருடமே அயர்லாந்து நாடாளுமன்றத்தின் உத்தரவுப்படி அது டப்ளினில் எரிக்கப்பட்டது. அதே 1697-இல் தத்துவவாதி ஜான் லாக்குக்கு வந்த ஒரு நண்பரின் கடிதத்தில் டோலண்டை 'சுதந்திர சிந்தனையாளர்' என்று குறிப்பிட்டிருக்கிறது. 1713-இல் ஆன்டனி காலின்ஸ் அந்தச் சொல்லையே தலைப்பில் வைத்து நூல் வெளியிட்டார். அதற்குப் பிறகு, வசையாகவும் பெருமையாகவும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

எல்லாம் கிரேக்கத்தில்தான் தொடங்கியது என்கிறார்களே?

ஐரோப்பிய மரபைப் பொறுத்தவரை, எழுத்தில் கிடைக்கும் தொடக்கம் அதுதான். மாட்டுக்கும் குதிரைக்கும் கை இருந்து படம் வரையத் தெரிந்திருந்தால் அவை கடவுளை மாடாகவும் குதிரையாகவும் வரைந்திருக்கும் என்று செனோபனீஸ் என்ற கிரேக்கக் கவிஞர் சொன்னார். கிறிஸ்து பிறப்பதற்கு 500 ஆண்டுகள் முன்பு சொன்ன பேச்சு அது! சூரியன் தெய்வமல்ல, கிரேக்கத்தின் பெலொப்பொனீஸ் தீபகற்பத்தை விடப் பெரிய, தகதகவென்று எரியும் கல் என்றார் தத்துவவாதி அனக்சகோரஸ். ஏதென்ஸில் அவர்மேல் தெய்வ நிந்தனை வழக்கு வந்தது. ஊரை விட்டு லாம்ப்சகஸ் போய்ச் சேர்ந்தார். கி.மு. 399-இல் சாக்ரடீஸுக்கு நஞ்சு கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும்.

ஜனநாயகம் பிறந்த ஊராகச் சொல்லப்படும் ஏதென்ஸில்தான் இந்த இரண்டு வழக்குகளும் நடந்தன. சாக்ரடீஸுக்குத் தண்டனை கொடுத்தவர்கள் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்பட்ட சாதாரணக் குடிமக்கள். பெரும்பான்மை ஆட்சி வேறு, தனி ஒருவரின் சிந்தனைக்குப் பாதுகாப்பு வேறு என்பதை அந்த வழக்கிலேயே பார்த்துவிடலாம்.

இடைக்காலம் முழுக்க ஒரே இருட்டுதானா?

அப்படிச் சொல்வது நியாயமில்லை. பல்கலைக்கழகங்கள் தோன்றியது அந்தக் காலத்தில்தான். ஸ்பெயினின் டொலேடோவில் அரபு நூல்களை லத்தீனுக்குக் கொண்டுவந்தார்கள். அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதிய இபின் ருஷ்த் வழியாகப் பாரிஸ் மாணவர்கள் விவாதம் கற்றார்கள். 1277-இல் பாரிஸ் ஆயர் 219 கருத்துகளைத் தடை செய்தார். தடை போடும் அளவுக்கு வகுப்பறையில் பேச்சு நடந்திருக்கிறது என்றும் இதைப் படிக்கலாம். ஆனால் அந்தப் பேச்சு எல்லாம் லத்தீனில், சுவர்களுக்குள். வெளியே உழுதுகொண்டிருந்தவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அச்சு வந்த பிறகு என்ன மாறியது?

மாவு ஆலைக்காரர்களும் படிக்க ஆரம்பித்தார்கள். இத்தாலியின் வடகிழக்கில் மொன்டெரேயாலே என்ற ஊரில் தொமேனிக்கோ ஸ்கந்தெல்லா என்று ஒருவர் இருந்தார். ஊரில் மெனோக்கியோ என்று கூப்பிடுவார்கள். கைக்குக் கிடைத்த சில புத்தகங்களைப் படித்துவிட்டுத் தானாக ஓர் உலகத் தோற்றக் கதையை உருவாக்கினார். பாலிலிருந்து பாலாடைக்கட்டி திரள்வது போல உலகம் திரண்டது, அதில் புழு தோன்றுவது போல தேவதூதர்கள் தோன்றினார்கள் என்பது அவர் கருத்து. அதை மனதுக்குள் வைத்துக்கொள்ளாமல் ஊரெல்லாம் சொன்னார். 1584-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் மத விசாரணை மன்றம் பிடித்து விசாரித்தது. சிறையிலிருந்து வெளியே வந்தும் பேச்சை விடவில்லை. 1599-இல் இரண்டாவது வழக்கில் மரண தண்டனை விதித்தார்கள். அவருடைய வாக்குமூலங்கள் அப்படியே ஆவணத்தில் இருக்கின்றன. விசாரித்தவர்கள் படித்தவர்கள். யாரிடம் கற்றாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். என் மூளையிலிருந்து வந்தது என்கிறார் அவர். இந்த வரலாறு முழுவதிலும் என் மனதை விட்டுப் போகாத பதில் அது.

ஜோர்டானோ புரூனோ அறிவியலுக்காக எரிக்கப்பட்டவர்தானே?

பாதி சரி. 1600 பிப்ரவரி 17 அன்று ரோமின் காம்போ தெ ஃபியோரி சந்தையில் அவரை உயிரோடு எரித்தார்கள். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதை அவர் ஏற்றார், அண்டம் முடிவற்றது, உலகங்கள் பல என்றும் எழுதினார். ஆனால் அவர்மேல் வைத்த குற்றச்சாட்டுகளில் திரித்துவம் (ஒரே கடவுள் தந்தை, மகன், தூய ஆவி என மூவராக இருக்கிறார் என்ற கோட்பாடு), கிறிஸ்துவின் தெய்வத்தன்மை, நற்கருணை (பூசையில் அப்பமும் ரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் ஆகின்றன என்ற நம்பிக்கை) பற்றிய மறுப்புகளும் உண்டு. அவர் தொலைநோக்கியோடு வானத்தை அளந்தவரும் அல்ல. அதனால் என்ன? தப்பான காரணம் சொல்லிச் சரியான முடிவுக்கு வந்த ஒருவரை எரித்தாலும் எரித்ததுதானே. 1889-இல் அதே சந்தையில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

கோப்பர்நிக்கஸ் நூல் 1543-இலேயே வந்துவிட்டது. கலிலியோவுக்கு மட்டும் ஏன் அவ்வளவு தொல்லை?

நல்ல கேள்வி. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன கோப்பர்நிக்கஸ் நூல் லத்தீனில், கணக்கும் படமுமாக இருந்தது. 70 ஆண்டுகளுக்கு மேல் ரோம் அதைத் தடை செய்யவில்லை. 1616-இல்தான் திருத்தும் வரை நிறுத்தி வைத்தார்கள்.

கலிலியோ எழுதியது இத்தாலிய மொழியில். 1612-இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் காரணமும் சொல்கிறார்: பல்கலைக்கழகம் போகாதவர்களுக்கும் இயற்கை கண்ணைக் கொடுத்திருக்கிறது, புரிந்துகொள்ள மூளையையும் கொடுத்திருக்கிறது, அவர்களும் படிக்க வேண்டும். 1632-இல் வந்த அவருடைய 'உரையாடல்' நூலில் மூன்று பேர் உட்கார்ந்து பேசிக்கொள்கிறார்கள், நாடகம் மாதிரி. எழுதப் படிக்கத் தெரிந்த எந்த வியாபாரியும் வாசித்துவிடலாம்.

மொழி மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. 1616-இல் அவருக்கு எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். போப் எட்டாம் அர்பனுக்குப் பிடித்த வாதத்தை அந்த நூலில் சிம்ப்ளீசியோ என்ற மந்தபுத்திப் பாத்திரத்தின் வாயில் போட்டிருந்தார். போப்பின் கோபத்துக்கு அதுவும் காரணம். 1633 ஜூன் 22 அன்று மண்டியிட்டுத் தன் கருத்தைத் துறப்பதாகச் சொல்லவைத்தார்கள். 1642-இல் இறக்கும் வரை வீட்டுக்காவல்.

"ஆனாலும் அது சுற்றத்தான் செய்கிறது" என்று அப்போது முணுமுணுத்தாராமே?

அந்த மன்றத்தில் அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. அதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்தார். வீட்டுக்காவலில், கண் பார்வை போய்க்கொண்டிருந்த நிலையில், இயக்கத்தையும் பொருள்களின் வலிமையையும் பற்றிய கடைசி நூலை எழுதி முடித்தார். 1638-இல் அது ஹாலந்தின் லெய்டனில் அச்சானது.

மொழியை இவ்வளவு அழுத்திச் சொல்ல வேறு சான்று உண்டா?

உண்டு. மூன்று பேரைச் சொல்கிறேன்.

முதலில் எத்தியென் தொலே, பிரெஞ்சு அச்சுக்காரர், மொழிபெயர்ப்பாளர். பிளேட்டோவின் பெயரில் வழங்கிய ஓர் உரையாடலைப் பிரெஞ்சுக்குக் கொண்டுவந்தார். இறந்த பிறகு நீ இருக்கமாட்டாய் என்ற இடத்தில் 'எதுவுமாகவே' என்ற பொருளில் ஒரு சிறு தொடரைச் சேர்த்திருந்தார். ஆன்மா அழியாதது என்பதை மறுக்கிறார் என்று இறையியல் அறிஞர்கள் பிடித்துக்கொண்டார்கள். தடை செய்த நூல்களை அச்சிட்ட பழைய வழக்குகளும் இருந்தன. 1546 ஆகஸ்ட் 3 அன்று பாரிஸில் கழுத்தை நெரித்து, உடலை நூல்களோடு எரித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு கனமான வேலை என்று யாராவது கேட்டால் தொலேயைத்தான் சொல்வேன்.

அடுத்தவர் அட்ரியான் கூர்பாக். ஆம்ஸ்டர்டாம்காரர், மருத்துவமும் சட்டமும் படித்தவர், தத்துவவாதி ஸ்பினோசாவின் நட்பு வட்டத்தைச் சேர்ந்தவர். 1668-இல் அவர் ஓர் அகராதி வெளியிட்டார். வக்கீல், வைத்தியர், போதகர் மூவரும் வாயில் போட்டு உருட்டும் லத்தீன், கிரேக்கச் சொற்களுக்குச் சாதாரண டச்சில் பொருள் சொன்னார். பொருள் சொல்லும்போதே திரித்துவம் போன்ற கோட்பாடுகளுக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை என்றும் எழுதினார். நூலில் சொந்தப் பெயரையே போட்டார். இரண்டாவது நூலைப் பாதி அச்சிட்ட அச்சகக்காரர் பயந்து நிறுத்திவிட்டார். கூர்பாக் ஊர் ஊராக ஒளிந்தார், கடைசியில் பிடிபட்டார். 10 வருடச் சிறை, அதன் பிறகு 10 வருடம் ஊர்விலக்கு என்று தீர்ப்பு. அந்தச் சிறைவாசம் அவருக்கு இரண்டு ஆண்டுகூடத் தாங்கவில்லை. 1669 அக்டோபரில் இறந்துபோனார்.

மூன்றாவது ஸ்பினோசாவேதான். 1656 ஜூலை 27 அன்று, 23 வயதில், ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் அவரை விலக்கி வைத்தது. 1670-இல் சிந்திக்கும் உரிமைக்காக வாதாடிய இறையியல்-அரசியல் நூலைப் பெயர் போடாமல், அச்சான ஊரையும் மாற்றிப் போட்டு, லத்தீனில் வெளியிட்டார். அடுத்த வருடம் யாரோ அதை டச்சில் கொண்டுவரப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், தயவுசெய்து தடுத்துவிடுங்கள் என்று நண்பருக்கு எழுதுகிறார். டச்சில் வந்தால் அரசு சும்மா இருக்காது என்று அவருக்குத் தெரியும். ஐரோப்பாவிலேயே அதிகச் சுதந்திரம் இருந்த நாட்டின் நிலை இது. அந்தக் கடிதத்தைக் கோழைத்தனம் என்று நான் நினைக்கவில்லை. நண்பர் சிறையில் செத்து இரண்டு வருடம்கூட ஆகவில்லையே.

கத்தோலிக்கத் திருச்சபை மட்டும்தான் அடக்கியதா? சீர்திருத்தக்காரர்கள் பரவாயில்லையா?

1553 அக்டோபர் 27 அன்று ஜெனீவாவில் மிகேல் செர்வெட்டஸை எரித்தது புரட்டஸ்தாந்தச் சீர்திருத்தத் தலைவர் கால்வினின் ஊர். திரித்துவத்தை மறுத்தவர் அவர். இரத்தம் நுரையீரல் வழியாகச் சுற்றி வருவதை ஐரோப்பாவில் முதலில் அச்சில் எழுதியவரும் அவரே, அதுவும் ஒரு இறையியல் நூலுக்குள்! இதைக் கண்டித்து செபாஸ்டியன் காஸ்டெல்லியோ எழுதிய வரி: "ஒரு மனிதனைக் கொல்வது ஒரு கொள்கையைக் காப்பதாகாது, அது ஒரு மனிதனைக் கொல்வதுதான்." அவரும் புரட்டஸ்தாந்தர்தான் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1697 ஜனவரியில் எடின்பரோவில் தாமஸ் எய்க்கன்ஹெட் என்ற 20 வயது மாணவனைத் தூக்கிலிட்டார்கள். நண்பர்களிடம் வேதத்தைக் கேலியாகப் பேசினான் என்பது குற்றம். மன்னிப்புக் கேட்டு மனு போட்டும் பயனில்லை. தெய்வ நிந்தனைக்காகப் பிரிட்டனில் உயிர் போன கடைசி ஆள் அவன்.

பிரான்சில் 1766 ஜூலை 1 அன்று லா பார் என்ற இன்னொரு 20 வயது இளைஞனின் தலையை வெட்டினார்கள். மத ஊர்வலம் போகும்போது தொப்பியைக் கழற்றவில்லை என்பது அவன்மேல் சொன்ன குற்றங்களில் ஒன்று. அவன் வைத்திருந்த, பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரின் தத்துவ அகராதியையும் உடலோடு சேர்த்து எரித்தார்கள்.

மதகுருமாரிலேயே சுதந்திர சிந்தனையாளர் இருந்தார்களா?

ழான் மெஸ்லியே. பிரான்சின் எத்ரெபினி என்ற சிறு கிராமத்தில் 40 ஆண்டுகள் பங்குச் சாமியாராக இருந்தார். 1729-இல் அவர் இறந்த பிறகு, கையால் எழுதிய மூன்று பிரதிகள் கிடைத்தன. கடவுள் இல்லை, மதமும் அரசும் சேர்ந்து ஏழைகளை ஏய்க்கின்றன என்று தன் பங்கு மக்களுக்கே எழுதி வைத்திருந்தார். 1762-இல் வால்டேர் அதைச் சுருக்கி அச்சிட்டபோது நாத்திகத்தையும் பணக்காரர்கள் மீதான கோபத்தையும் வெட்டிவிட்டார். முழு நூல் வெளிவர 1864 ஆயிற்று.

தத்துவம் படித்தவர்கள் தவிர சாதாரண மக்களுக்கு இதில் பங்கு இருந்ததா?

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இது தொழிலாளர்களின் இயக்கமாகவே ஆனது. பெயினின் நூலைப் பணக்காரர்கள் விலை உயர்ந்த பதிப்பில் படித்தால் அரசு பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மலிவுப் பதிப்புப் போட்டால் வழக்கு.

ரிச்சர்ட் கார்லைல் தகரவேலை செய்தவர். லண்டன் ஃப்ளீட் தெருவில் கடை வைத்து பெயினை மலிவாக விற்றார். 1819-இல் வழக்கு வந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? தன் தரப்பு வாதம் என்று சொல்லி அந்த நூலையே நீதிமன்றத்தில் வாசித்தார். நீதிமன்ற நடவடிக்கையை அச்சிடலாம் அல்லவா? தடை செய்யப்பட்ட நூல், வழக்கு விவரம் என்ற பெயரில் மலிவு விலையில் வெளியே வந்துவிட்டது. மூன்று வருடத் தண்டனை கொடுத்தார்கள், அபராதம் கட்டாததால் அது ஆறு வருடமாக நீண்டது. அவர் உள்ளே இருந்தபோது மனைவி ஜேன் கடையை நடத்தினார், அவரையும் சிறையில் போட்டார்கள். அடுத்து கார்லைலின் சகோதரி மேரி ஆன், அவருக்கும் சிறை. பிறகு வெளியூர்களிலிருந்து தொழிலாளர்கள் தாங்களாக வந்து கடையில் நின்றார்கள். நாட்டிங்ஹாமில் லேஸ் பின்னும் வேலை செய்த சுசான்னா ரைட் அவர்களில் ஒருவர். நீதிமன்றத்தில் தனக்காகத் தானே வாதாடிச் சிறைக்குப் போனார்.

விற்றவர் யார் என்று சாட்சி சொல்ல முடியாதபடி கடையில் ஒரு பொறி அமைத்திருந்தார்கள். முன்னால் ஒரு வட்டத்தட்டு. வேண்டிய நூலின் பெயருக்கு நேரே முள்ளைத் திருப்பிக் காசைப் போட்டால் புத்தகம் கீழே வந்து விழும். அந்தப் பக்கம் இருப்பவர் முகம் தெரியாது.

செக்யூலரிசம் என்ற சொல் இந்த ஆட்களிடமிருந்து வந்ததா?

ஆமாம். ஜார்ஜ் ஹோலியோக் 1842-இல் செல்ட்டன்ஹாமில் ஒரு கூட்டத்தில் கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னதற்காக ஆறு மாதம் சிறை போனார். அவர் உள்ளே இருந்தபோது சின்ன மகள் இறந்துவிட்டாள். 1851-இல் அந்தச் சொல்லை உருவாக்கியவர் அவரே. நாத்திகர் என்ற முத்திரைக்குள் அடங்காமல், இந்த உலக வாழ்வைப் பற்றிப் பேச ஒரு பெயர் அவருக்குத் தேவைப்பட்டது.

அப்புறம் சார்லஸ் பிராட்லா. 1866-இல் தேசிய செக்யூலர் சங்கத்தைத் தொடங்கினார். 1880-இல் நார்த்தாம்ப்டன் தொகுதியில் ஜெயித்தும், மத உறுதிமொழிச் சிக்கலால் நாடாளுமன்றத்தில் உட்கார விடவில்லை. இடைத்தேர்தல் வைக்க வைக்க அதே தொகுதி மக்கள் அவரையே அனுப்பினார்கள். 1886-இல்தான் இடம் கிடைத்தது. கடவுள் பெயர் இல்லாமல் உறுதி கூறலாம் என்ற 1888 சட்டம் அவர் கொண்டுவந்தது. 1891-இல் அவருடைய இறுதிச் சடங்குக்கு வந்தவர்களில் லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தியும் ஒருவர்.

நம் அடையாறு அன்னி பெசண்ட்டும் இந்தக் கூட்டத்தில் இருந்தவரா?

அவரேதான். போதகரின் மனைவி, நம்பிக்கை போனதும் வீட்டை விட்டு வெளியே வந்தார். பிராட்லாவோடு சேர்ந்து குடும்பக் கட்டுப்பாடு பற்றிய ஒரு சிறு நூலை வெளியிட்டதற்காக 1877-இல் இருவர் மீதும் வழக்கு நடந்தது. தண்டனை மேல்முறையீட்டில் ரத்தானது. ஆனால் அதற்கு அடுத்த வருடம், நாத்திகரான தாயிடம் வளரக் கூடாது என்று மகள் மேபலை நீதிமன்றம் அவரிடமிருந்து பிரித்தது. ஆண் சிந்தனையாளர்கள் சிறையும் அபராதமும் பார்த்தார்கள். பெண்ணிடம் குழந்தையைப் பிடுங்கினார்கள். 1889-இல் அவர் பிரம்மஞான சபைக்குப் போனபோது பழைய தோழர்கள் மனம் நொந்தார்கள். எனக்கும் அந்தத் திருப்பம் வருத்தம்தான், ஆனாலும் 1877-இல் அவர் காட்டிய துணிச்சலை அது குறைத்துவிடாது.

அறிவியலும் சுதந்திர சிந்தனையும் எப்போதும் ஒன்றாகவே போனதா?

எப்போதும் இல்லை. 1660-இல் தொடங்கிய லண்டன் ராயல் சொசைட்டி, 'யார் சொல்லையும் அப்படியே ஏற்காதே' என்ற பொருளுள்ள லத்தீன் வாசகத்தைக் கொள்கையாக வைத்தது. ஆனால் நியூட்டன் திரித்துவத்தை ஏற்காததை வெளியே சொல்லாமல் தாளில் எழுதிப் பூட்டி வைத்தார். டார்வினும் மதம் பற்றிப் பொதுவில் பேசத் தயங்கினார். அவருக்காகச் சண்டை போட்ட உயிரியலாளர் ஹக்ஸ்லிதான் 1869-இல் தன் நிலைக்கு 'அறியொணாவாதம்' என்று பெயர் வைத்தார்: தெரியாததைத் தெரியும் என்று சொல்லமாட்டேன் என்பது அதன் சாரம்.

மதம் மட்டும்தான் எதிரியா?

இல்லவே இல்லை. நிகொலாய் வவிலோவ் உலகம் முழுக்கச் சுற்றி விதை சேகரித்த சோவியத் தாவரவியலாளர். மரபியலை ஏற்காத லைசென்கோ என்ற வேளாண் விஞ்ஞானிக்கு ஸ்டாலினின் ஆதரவு இருந்தது. 1940-இல் வவிலோவைக் கைது செய்தார்கள். பஞ்சத்தை ஒழிக்க விதை தேடியவர் 1943 ஜனவரியில் சரடோவ் சிறையில் பட்டினியால் வாடி இறந்தார். 1948-இல் மரபியலுக்கே அங்கே தடை வந்தது. அதைச் செய்தது கடவுளை மறுத்த அரசு. கேள்வி கேட்கக் கூடாத ஒரு நூல் அல்லது ஒரு கட்சி இருந்தால் போதும், இதுதான் நடக்கும்.

இப்போது அந்தச் சட்டங்கள் எல்லாம் போய்விட்டனவா?

பல நாடுகளில் போய்விட்டன, அதுவும் நாம் நினைப்பதைவிடத் தாமதமாக. கத்தோலிக்கத் திருச்சபையின் தடை நூல் பட்டியல் 1966 வரை இருந்தது. கலிலியோ விஷயத்தில் தவறு நடந்ததைப் போப் இரண்டாம் ஜான் பால் ஒப்புக்கொண்டது 1992-இல். இங்கிலாந்தில் தெய்வ நிந்தனைக் குற்றம் 2008-இல் நீங்கியது, டென்மார்க்கில் 2017-இல். அயர்லாந்து மக்கள் 2018-இல் வாக்களித்து நீக்கினார்கள். ஜெர்மனியின் குற்றச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இன்னும் இருக்கிறது.

இந்த வரலாறு தமிழுக்கு எப்போது வந்தது?

பெரியாருக்கு முன்பே. 1880களில் சென்னை இலௌகிக சங்கம் என்று ஓர் அமைப்பு இருந்தது. 'இலௌகிகம்' என்று அவர்கள் எடுத்துக்கொண்டது ஹோலியோக் உருவாக்கிய அதே சொல்லைத்தான். பிராட்லாவின் சங்கத்தோடு தொடர்பு வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் ஓர் இதழும், 1882 முதல் 1888 வரை தமிழில் 'தத்துவ விவேசினி' என்ற இதழும் நடத்தினார்கள். ஆங்கில இதழ் மட்டும் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. சாதி, சடங்கு, விதவைகளின் நிலை, வானவியல் என்று எல்லாவற்றையும் தமிழில் எழுதி, சென்னைத் தெருக்களில் வாசிக்கக் கொடுத்தார்கள்.